பெரிய படத்துக்கு முன்னால்: பிரிட்டனின் அனிமேஷன் குறும்படங்கள், அன்றும் இன்றும்

1934ஆம் ஆண்டு லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு சிறு திரையரங்கு திறக்கப்பட்டது. அந்த வகை அரங்குகளைச் செய்தித் திரையரங்கு என்று அழைத்தார்கள். செய்திப்படம், வெளியூர்க் காட்சிகள், கார்ட்டூன் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குச் சிறு படங்கள் அடுத்தடுத்து ஓடும். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி தொடங்கும். ரயிலுக்கு நேரம் இருப்பவர் எந்த இடத்திலும் உள்ளே நுழையலாம். வண்டி புறப்படும் நேரம் நெருங்கினால் எழுந்து வெளியேறலாம். அலுவலகம் முடிந்து புறநகர் திரும்பும் குமாஸ்தாவும் குழந்தையோடு காத்திருக்கும் தாயும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குறும்படம் பார்க்க வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் அவர்களில் அநேகமாக ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

இன்று பிரிட்டனில் விருது பெற்ற அனிமேஷன் குறும்படங்களைப் பொதுமக்களுக்குத் திரையிடுவது வேறு வகையான நிகழ்ச்சி. மாலை நேரத்தில் ஒரு காட்சி. ஒன்றரை மணி நேரத்துக்குள் பத்துப் படங்கள். இருக்கையை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். 1996இல் தொடங்கிய பிரிட்டிஷ் அனிமேஷன் விருதுகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வழங்கப்படுகின்றன. அவற்றில் நடுவர் தரும் பரிசுகளோடு பார்வையாளர் தரும் பரிசுகளும் உண்டு. அதற்காகப் படத் தொகுப்புகள் பல ஊர்த் திரையரங்குகளுக்குப் போகின்றன. பார்த்தவர்கள் தங்களுக்குப் பிடித்ததற்கு வாக்களிக்கிறார்கள். பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையான குறும்படங்களும் அதேபோல் தொகுப்பாகத் திரைக்கு வருகின்றன. இந்தக் காட்சிகளுக்கு வருகிறவர்கள் அனிமேஷன் படிக்கும் மாணவர்கள், ஓவியர்கள், அவர்களுடைய நண்பர்கள், இந்தக் கலையை நேசிக்கும் சிலர். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

இந்த இரண்டு அரங்குகளுக்கும் இடையில் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் பிரிட்டிஷ் அனிமேஷன் குறும்படம் ஒரு கலையாக வளர்ந்தது. தற்செயலாக வந்து பார்க்கும் கூட்டத்தை இழந்தது.

தொடக்கத்தில் அந்தக் கலைக்குப் படியளந்தது அரசு. பிரிட்டனின் அஞ்சல் துறை 1933இல் ஜான் கிரியர்சன் தலைமையில் ஒரு திரைப்படப் பிரிவை வைத்துக்கொண்டது. நியூசிலாந்திலிருந்து வந்த லென் லை என்ற ஓவியர் அந்தப் பிரிவுக்காக 1935இல் 'எ கலர் பாக்ஸ்' என்ற படத்தைச் செய்தார். கேமராவே இல்லாமல், படச்சுருளின் மேலேயே வண்ணம் தீட்டி உருவாக்கிய படம் அது. இசைக்கு ஏற்பக் கோடுகளும் புள்ளிகளும் துள்ளும். கடைசியில் பார்சல் கட்டண விவரம் வரும். மொத்தம் நான்கு நிமிடம். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த திரைப்பட விழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. மக்கள் வழக்கமான படம் பார்க்க வந்த இடத்தில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்த நூற்றாண்டின் துணிச்சலான ஓவியச் சோதனைகளில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போர் வந்ததும் அரசுக்குப் படங்கள் இன்னும் தேவைப்பட்டன. ஹங்கேரியிலிருந்து வந்த ஜான் ஹாலஸும் ஆங்கிலேயரான ஜாய் பேட்சிலரும் 1940இல் தொடங்கிய நிறுவனம் போர்க்காலத்தில் சுமார் 70 சிறு படங்களைத் தயாரித்தது. வீட்டுக் கழிவுகளைப் போர்த் தேவைக்காகச் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லும் 1942ஆம் ஆண்டின் 'டஸ்ட்பின் பரேட்' அவற்றில் ஒன்று. கலைஞருக்குச் சொல்ல விருப்பமானது வேறாக இருந்திருக்கலாம்; சொல்லச் சொன்னது இதுதான். ஆனால் சொன்னது நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தின் அளவை இன்று கற்பனை செய்வது கடினம். 1946இல் பிரிட்டனின் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகள் ஏறக்குறைய 163.5 கோடி. நாட்டின் மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு முப்பது முறைக்கு மேல். 1984இல் அது 5.4 கோடியாகச் சரிந்தது. அதாவது ஆளுக்கு ஒரு முறைகூட இல்லை. இந்தச் சரிவுக்குத் தொலைக்காட்சி முதல் காரணம். பெரிய படத்துக்கு முன்னால் செய்திப்படமும் கார்ட்டூனும் துணைப்படமும் போடும் வழக்கம் முதலில் சுருங்கியது, பிறகு மறைந்தது. வாட்டர்லூ நிலையத்துத் திரையரங்கு 1970இல் மூடப்பட்டது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கைப் பிரித்து, குறும்படங்கள் உள்பட உள்நாட்டுப் படத் தயாரிப்புக்குத் தந்துவந்த ஈடி வரி 1957இல் சட்டமாகி 1985இல் நீக்கப்பட்டது. அதே 1985இல் மில்டன் கீன்ஸ் நகரில் நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது. கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2019இல் ஏறத்தாழ 17.6 கோடிச் சீட்டுகள் விற்றன. ஆனால் குறும்படம் திரும்பி வரவில்லை. முன்பு அது இருந்த இடத்தில் விளம்பரங்களும் வரப்போகும் படங்களின் முன்னோட்டங்களும் உட்கார்ந்துவிட்டன.

இந்தச் சரிவின் நடுவிலும் நல்ல படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஹாலஸ், பேட்சிலர் நிறுவனத்தின் 'ஆட்டோமேனியா 2000' 1963இல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. கார்கள் பெருகி நகரத்தையே விழுங்கிவிடும் கதை அது. பொறியாளர் புரூனலின் வாழ்க்கையைப் பாட்டும் கேலியுமாகச் சொன்ன பாப் காட்ஃபிரேயின் 'கிரேட்' 1975இல் வந்து ஆஸ்கரையே வென்றது. ஆனால் அதைப் போன்ற அரை மணி நேரப் படத்தைத் திரையில் பொருத்த இடம் குறைந்துகொண்டே போனது.

இடம் கொடுத்தது, திரையரங்கைச் சாய்த்த அதே தொலைக்காட்சி. 1982 நவம்பரில் சேனல் 4 ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த மாதம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரேமண்ட் பிரிக்ஸின் படப்புத்தகத்தைத் தழுவிய 'தி ஸ்னோமேன்' அதில் ஒளிபரப்பானது. டயேன் ஜாக்சன் இயக்கிய 26 நிமிடப் படம். கதையில் உரையாடலே கிடையாது. கிரேயான் கோடுகளின் சொரசொரப்பு திரையில் அப்படியே தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைக் காட்டுவது அந்த நாட்டின் வழக்கமாகிவிட்டது. 1989 முதல் 1999 வரை சேனல் 4இன் அனிமேஷன் பொறுப்பில் கிளேர் கிட்சன் இருந்தார். ஒரு முழுப் பதவி, ஒரு தனி நிதி, ஒளிபரப்புக்கு ஒரு நேரம் என்று மூன்றும் குறும்படத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட காலம் அது.

அந்தக் காலத்தின் வளத்தை ஆஸ்கர் பட்டியலிலேயே காணலாம். 1991 முதல் 1996 வரை நடந்த ஆறு விழாக்களில் ஐந்தில் அனிமேஷன் குறும்படப் பரிசு பிரிட்டனோடு சேர்ந்த படத்துக்கே போனது. நிக் பார்க்கின் 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்', டேனியல் கிரீவ்ஸின் 'மனிப்புலேஷன்', மறுபடியும் நிக் பார்க்கின் 'தி ராங் ட்ரவுசர்ஸ்', கனடாவோடு கூட்டாகச் செய்த 'பாப்ஸ் பர்த்டே', மூன்றாம் முறையாக நிக் பார்க்கின் 'எ குளோஸ் ஷேவ்'. நாற்பது வயதாகிவிட்ட ஒரு பல் மருத்துவரின் மனச்சோர்வைச் சொல்வது 'பாப்ஸ் பர்த்டே'. சாதாரண மக்களிடம் எடுத்த பேட்டிகளின் உண்மைக் குரல்களை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்தது 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்'. ஆட்டிசம் உள்ளவர்களின் சித்திரங்களையும் குரல்களையும் கொண்டே டிம் வெப் உருவாக்கிய 'ஏ இஸ் ஃபார் ஆட்டிசம்' 1992இல் வந்தது. பார்சல் கட்டணம் சொன்ன வடிவம், ஒரு மனிதர் உள்ளுக்குள் என்ன உணர்கிறார் என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தது. இரவு உணவு முடிந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்த லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். வாட்டர்லூவின் தற்செயல் பார்வையாளர் வீட்டுக் கூடத்துக்கு இடம் மாறியிருந்தார், மறைந்துவிடவில்லை.

தொலைக்காட்சியில் அந்த இடம் பிறகு குறுகியது. தனிமனிதக் குறும்படங்களுக்கான நிதியும் நேரமும் முன்போல் இல்லை. பண்டிகைக் காலத்துக்கென்று செய்யும் அரை மணிக் குடும்பப் படங்கள் மட்டும் நிலைத்தன. 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிபிசியில் வந்த 'தி பாய், தி மோல், தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹார்ஸ்' அடுத்த ஆண்டே ஆஸ்கரும் பாஃப்டாவும் பெற்றது. நிக் பார்க்கின் படங்களைத் தயாரித்த ஆர்ட்மேன் நிறுவனம் 2021இல் செய்த 'ராபின் ராபின்' நெட்ஃபிளிக்ஸுக்காக. அன்று அந்த நிறுவனத்தின் பெயரைத் தொலைக்காட்சி பரப்பியது. இன்று உலகளாவிய தளங்கள் பரப்புகின்றன. சிறியதும் விசித்திரமானதும் கசப்பானதுமான படங்களுக்கு மிஞ்சியவை விழாக்களும் பொதுத் திரையிடல்களும் இணையமும்தான்.

செய்முறையில் வந்த மாற்றமோ அநேகமாக முழுவதும் ஆதாயம். ஒரு நொடிக்கு 24 பிரேம். ஐந்து நிமிடப் படத்துக்கு 7,200 பிரேம். ஒரு சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும் 3,600 சித்திரங்கள் வேண்டும். இந்தக் கணக்கு 1935இலும் இதுதான், இன்றும் இதுதான். மாறியது, அந்தச் சித்திரங்கள் வரும் வழி. அன்று தாளில் பென்சிலால் வரைந்ததை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுத்து, பின்புறம் வண்ணம் பூசி, கேமராவின் கீழ் ஒவ்வொன்றாக வைத்துப் படம்பிடித்தார்கள். பிறகு சுருள் லேபுக்குப் போகும். கழுவி வந்த பிறகுதான் அசைவு சரியா, விளக்கு துடித்ததா, பொம்மை நகர்ந்ததா என்பது தெரியும். தவறென்றால் ஒரு நாள் உழைப்பு வீண். இன்று கேமரா கணினியோடு இணைந்திருக்கிறது. முந்தைய பிரேமையும் இப்போதைய பிரேமையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் பார்த்துக்கொண்டே பொம்மையை நகர்த்தலாம். ஒரு நிறுவனமும் ஒரு லேபும் சேர்ந்து செய்த வேலையை ஒரு மாணவி தன் அறையில் செய்துவிட முடிகிறது.

கை மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோன்னா குவின் 1987இல் 'கேர்ள்ஸ் நைட் அவுட்' படத்தில் பெரில் என்ற வேல்ஸ் நாட்டுத் தொழிலாளிப் பெண்ணை வரைந்தார். அதே பெரில் 2021இல் 'அஃபேர்ஸ் ஆஃப் தி ஆர்ட்' படத்தில் மறுபடி வந்தாள். படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்தும், கோடு பென்சில் கோடாகவே இருந்தது. டெய்ஸி ஜேக்கப்ஸ் 2014இல் செய்த 'தி பிக்கர் பிக்சர்' படத்தில் பாத்திரங்கள் ஆளுயரத்தில் அறையின் சுவரிலேயே வரையப்பட்டன. அசைவுக்காக ஒவ்வொரு முறையும் மேலே மேலே தீட்டினார்கள். முதிய தாயைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மகன்களின் கதை அது. லென் லையின் தூரிகை சில அங்குலச் சுருளில் செய்ததை இவர் தூரிகை முழுச் சுவரில் செய்தது.

யார் செய்கிறார்கள் என்பதிலும் அதே அளவு மாற்றம். செல்லுலாய்டு காலத்தில் மையால் பிரதியெடுத்ததும் வண்ணம் பூசியதும் பெரும்பாலும் பெண்கள். திரையில் அவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. தன் பெயரையே நிறுவனத்தின் பெயரில் பார்த்த ஜாய் பேட்சிலர் விதிவிலக்கு. 1978இல் லீட்ஸ் நகரில் பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு அனிமேஷன் கூட்டமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. இன்று பாஃப்டாவின் அனிமேஷன் குறும்படப் பட்டியலைப் பாருங்கள்: 2018இல் பலோமா பாயேசா, 2020இல் ஈரானில் பிறந்த மரியம் மொஹாஜர், 2025இல் நெதர்லாந்தைச் சேர்ந்த நீனா கான்ட்ஸ். வென்றவர்களில் பலர் தேசிய திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியின் மாணவர்கள். அன்று அரசும் நிறுவனமும் நின்ற இடத்தில் இன்று கல்லூரி நிற்கிறது. இதனால் குரல்கள் பெருகின. ஆனால் படிப்பு முடிந்ததும் அடுத்த படத்துக்குப் பணம் தருவது யார் என்ற கேள்வி ஒவ்வொருவர் முன்னும் தனித்தனியே நிற்கிறது.

திரையிடும் அறைக்கு வருவோம். 35 மி.மீ. சுருளில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. பத்து நிமிடப் படம் 900 அடி. தகர டப்பாவோடு தூக்கினால் கை வலிக்கும். பத்துப் படம் என்றால் பத்து டப்பா. புரொஜெக்டர் இயக்குபவர் அவற்றை ஒட்டி வரிசைப்படுத்துவார். படத்துக்குப் படம் அகல உயரமும் ஒலியின் அளவும் மாறும், லென்ஸை மாற்ற வேண்டிவரும். இருக்கும் ஒரே பிரதி நியூகாசிலில் ஓடினால் அன்று கார்டிஃபில் ஓடாது. ஓடியவரையில் கீறலும் விழும். இன்று பத்துப் படமும் ஒரே ஹார்ட் டிரைவில் வருகிறது; இருபது ஊர்களில் ஒரே மாலையில், ஒரு கீறலும் இல்லாமல் காட்டலாம். புரொஜெக்டர் அறையில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வேகமும் தெளிவும் கூடின. ஒரு தொழில் போயிற்று.

எஞ்சியிருப்பது அந்த இருட்டும், சேர்ந்து பார்ப்பவர்களும். இந்தப் படங்களில் பலவற்றைக் கைப்பேசியில் எளிதாகப் பார்த்துவிடலாம் என்பது உண்மை. அதுவும் ஒரு பெரிய ஆதாயம்தான். 'எ கலர் பாக்ஸ்' படத்தைப் பார்க்க முன்பு ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்ட வேண்டும். இன்று திருநெல்வேலியில் இருப்பவரும் ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவார். ஆனால் கைப்பேசியில் விரல் எப்போதும் அடுத்த படத்தின் மேலேயே இருக்கிறது. நல்ல திரையிடலில் படங்களின் வரிசையே ஒரு வேலைப்பாடு. கச்சேரியில் கனமான உருப்படிக்குப் பின் இலகுவான ஒன்றை வைப்பதுபோல அடுக்கியிருப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் ஒரு மரணத்தில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் சில நொடி இருட்டு. அந்த நொடிகளில் முன்னூறு பேர் ஒன்றாக மனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பிடிக்காத படத்தையும் எழுந்து போகாமல் பார்க்கிறார்கள். சில வேளை கடைசியில் வாக்கு அதற்கே விழுகிறது.

நியூகாசிலில் 1937இல் பிஜூ நியூஸ்ரீல் சினிமா என்ற பெயரில் திறந்த செய்தித் திரையரங்கு, டைன்சைட் சினிமா என்ற பெயரில் இன்றும் திரையரங்காகவே இருக்கிறது. கட்டடம் நிலைத்துவிட்டது, அன்று அதற்குள் தற்செயலாக வந்துபோன கூட்டம் மட்டும் எங்கும் இல்லை. கலை முன்னைவிட நன்றாக இருக்கிறது, செய்வோர் கூடியிருக்கிறார்கள், சொல்லும் சுதந்திரம் பெருகியிருக்கிறது. எதிர்பாராமல் ஒரு நல்ல படத்தில் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. விரும்பி வருபவரை மட்டுமே நம்பியிருக்கும் கலை, மெல்ல மெல்லத் தன்னவர்களோடு மட்டும் பேசத் தொடங்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பெரிய படத்துக்கு முன்னால் விளம்பரங்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தைத் திரையரங்குகள் திருப்பித் தரலாம். பரிசு பெற்ற படம் ஒன்று அதற்குள் அடங்கும். பார்வையாளர் செய்யக்கூடியது அதைவிட எளிது. உங்கள் ஊரில், அது எந்த நாட்டு ஊரானாலும், குறும்படத் திரையிடல் என்று ஓர் அறிவிப்பைக் கண்டால் போய் உட்காருங்கள். இந்தக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு நண்பரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வாக்குச்சீட்டு கொடுத்தால் கடைசிப் படம்வரை இருந்து, நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.